சார்ட்வெல்: செங்கல்லும் வனவாசமும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிரதமராக இருந்த சர்ச்சிலின் வீடு சார்ட்வெல். அதைப் பார்க்க லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏறி ஆக்ஸ்டெட்டில் இறங்கினால் அங்கிருந்து டாக்ஸிதான். போகும்போது சுலபமாகக் கிடைத்துவிட்டது. திரும்பி வர முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் கேட்டருகே நாற்பது நிமிடம் நின்றேன். நீங்கள் போனால் வந்த டிரைவரிடமே நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கென்ட் மாவட்டத்தில் வெஸ்டர்ஹாமுக்கு அருகே இருக்கிறது சார்ட்வெல். 1922-இல் சர்ச்சில் இந்த வீட்டை 5,000 பவுண்டுக்கு வாங்கினார். மனைவி கிளமென்டைனிடம் சொல்லாமலே வாங்கினார். அம்மணிக்கு இந்த வீடு கடைசிவரை மனதுக்கு ஒட்டவில்லை என்கிறார்கள். பின்பக்கம் நின்று பார்த்தால் சரிவு சரிவாக இறங்கும் புல்வெளி, குளம், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. இதைப் பார்த்த மனுஷன் யாரிடமும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்திருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

வீட்டுக்குள் போக டிக்கெட்டில் நேரம் போட்டிருந்தார்கள். அதுவரை தோட்டத்தில் சுற்றினேன். காய்கறித் தோட்டத்தைச் சுற்றி ஒரு செங்கல் சுவர். அதன் பெரும்பகுதியை 1925-க்கும் 1932-க்கும் இடையே சர்ச்சில் தன் கையாலேயே கட்டினார் என்று ஒரு பலகை சொல்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வரிசை ஒன்றும் மோசமில்லை. எங்கள் வீடு கட்டிய கொத்தனாரிடம் காட்டினால் தலையைச் சாய்த்து, “பரவால்ல, தெரிஞ்சவருதான்” என்பார். 1928-இல் பிரதமர் பால்ட்வினுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு நாளைக்கு 200 செங்கல், 2,000 வார்த்தை என்று தன் கணக்கைச் சொல்கிறார் சர்ச்சில். அப்போது அவர் நிதியமைச்சர்! அதே வருஷம் கட்டடத் தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்தார். தொழிலாளர்கள் எதிர்ப்புக் கிளப்ப, அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை என்று சங்கமே சொல்லிவிட்டது. மனுஷன் போகிற இடமெல்லாம் வம்பு.

1929 தேர்தலில் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி தோற்றதும் பதவி போனது. அடுத்த பத்து வருஷம் வனவாசம். ராமருக்குப் பதினாலு, இவருக்குப் பத்து. காட்டில் சமையல்காரர், காரியதரிசிகள், ஓவியம் வரையத் தனிக் கூடம் எல்லாம் இருந்தன என்பது வேறு விஷயம். கடனும் இருந்தது. 1938-இல் இந்த வீட்டையே விற்க விளம்பரம் கொடுக்கும் அளவுக்குப் போய், ஒரு பணக்கார நண்பர் கைகொடுத்ததால் தப்பியது.

மாடியில் அவர் எழுதிய அறை. நின்றபடி எழுதும் சாய்வு மேசை இன்னும் அங்கே இருக்கிறது. வழிகாட்டியாக நின்ற வயதான அம்மா ஒருவர் அழகாகச் சொன்னார்: ஹிட்லர் படை திரட்டுவதை முதலிலேயே கண்டுகொண்டவர் இவர். அரசு அதிகாரிகள் சிலரே ஜெர்மன் விமானப் படைக் கணக்குகளை ரகசியமாக இவருக்குக் கொடுத்தார்கள். இவர் நாடாளுமன்றத்தில் கத்தினார், யாரும் கேட்கவில்லை.

“ஏன் கேட்கவில்லை?” என்றேன்.

“இன்னொரு போரை யாரும் விரும்பவில்லை.”

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. 1931 ஜனவரியில் சர்ச்சில் தன் கட்சியின் மேல்மட்டக் குழுவிலிருந்து விலகியது ஹிட்லருக்காக அல்ல, நமக்காக. இந்தியாவுக்குக் கொஞ்சம் சுயாட்சி தரலாம் என்று கட்சித் தலைவர் பால்ட்வின் தலையாட்டியதை இவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த மாதம்தான் வைஸ்ராய் மாளிகைப் படிகளில் அரை நிர்வாணமாக ஏறும் பக்கிரி என்று காந்தியைத் திட்டினார். 1935 இந்திய அரசுச் சட்டம்வரை ஒவ்வொரு படியிலும் முட்டுக்கட்டை போட்டார். காந்தியைக் காட்டி ‘சாம்ராஜ்யம் போச்சு’ என்று நாலு வருஷம் அலறியவர் அப்புறம் ஹிட்லரைக் காட்டி அலறினால் எவன் நம்புவான்? போதாததற்கு 1936 டிசம்பரில், விவாகரத்தான பெண்ணை மணக்க முடியையே துறக்கவிருந்த எட்டாம் எட்வர்டு ராஜாவுக்காக வக்காலத்து வாங்கப் போய், சபையே கூச்சலிட்டு அவரை உட்காரவைத்தது. முதல் உலகப் போரில் இவர் முன்னின்று தூண்டிய துருக்கிப் படையெடுப்பு 1915-இல் கலிபோலியில் பட்ட அடி, கட்சி தாவிய பெயர் எல்லாம் அதற்கு முன்பே சேர்ந்த சொத்து.

இதை அந்த அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். கோபப்படவில்லை. “அந்த வைஸ்ராய் யார் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும், இர்வின். “அவர்தான் பிற்பாடு ஹாலிஃபாக்ஸ் பிரபு,” என்றார். எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. தோட்டத்தில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

1940 மே. நார்வேயில் பிரிட்டன் படுதோல்வி. கடற்படை அமைச்சராக அந்தத் தோல்வியில் சர்ச்சிலுக்கே பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அடி விழுந்தது பிரதமர் சேம்பர்லினுக்கு. வாக்கெடுப்பில் 281-க்கு 200 என்று ஜெயித்தும் மானம் போய்விட்டது. அடுத்தது யார்? கட்சியும் ராஜாவும் விரும்பியது வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸை. ஒன்பது வருஷத்துக்கு முன் காந்தியோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்ட அதே இர்வின்! அவர், நான் பிரபுக்கள் சபையில் இருப்பவன், சரிப்படாது என்று ஒதுங்கிக்கொண்டார். மே 10-ஆம் தேதி ஜெர்மன் படை ஹாலந்து, பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அன்று சாயங்காலமே 65 வயது சர்ச்சில் பிரதமர். அந்த மாதக் கடைசியில் இத்தாலி மூலம் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்றார் ஹாலிஃபாக்ஸ். கூடாது என்றார் சர்ச்சில். யாரோடும் பேசாதே என்ற அதே பிடிவாதம் காந்தி விஷயத்தில் அசிங்கமாக இருந்தது, ஹிட்லர் விஷயத்தில் உலகத்தைக் காப்பாற்றியது. ஆள் மாறவே இல்லை, எதிரில் நின்றவர்தான் மாறினார்.

மறுநாள் லண்டனில், சர்ச்சிலின் அமைச்சரவை போரின்போது இயங்கிய நிலவறைகளுக்குப் போனேன். வெள்ளைச் சுண்ணாம்புத் தாழ்வாரங்கள், கண்ணாடிக்குப் பின்னால் அறைகள். அமைச்சரவை கூடிய அறையில் அவர் நாற்காலியின் கைப்பிடியில் நகமும் மோதிரமும் கீறிய தடங்கள் உண்டு. அவ்வளவு வீரப் பேச்சுக்கு நடுவே கை மட்டும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

வரைபட அறையில்தான் வெகுநேரம் நின்றேன். அட்லாண்டிக் கடல் முழுக்கக் குண்டூசி குத்திய ஓட்டைகள். கப்பல் கூட்டங்கள் நகர நகர ஊசியை மாற்றி மாற்றிக் குத்தியதில் காகிதமே சல்லடையாகிவிட்டது. 1943-இல் வங்காளம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, கேட்ட அளவு தானியத்துக்குக் கப்பல் ஒதுக்க மறுத்தது இவருடைய அமைச்சரவைதான். வங்காள விரிகுடாவில் எத்தனை ஓட்டை என்று பார்க்கக் கழுத்தை நீட்டினேன். நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியவில்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து நெருக்கியது. நகர்ந்துவிட்டேன்.