இருபத்தொன்பதாரும் எய்ட்ஸ்வோல் வாங்குகளும்

நோர்வேயில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து, "அண்ணை, வெள்ளிவிழா மலருக்கு நீங்களும் ஏதாவது எழுதித் தரவேணும்" என்று கேட்டபோது தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். மாமரத்தடியும் கன்ரீன் வடையும் கிழக்கு வேலிப் பொட்டும் முந்தின மலர்களிலேயே தேய்ந்துவிட்டன. வடையைப் பற்றி உருகி எழுதியவர்களில் பாதிப்பேர் அதைக் காசு கொடுத்துத் தின்றதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதே கிழமையில்தான் இருபத்தொன்பதார் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. கீழே ஒருவர், "இவர் எந்தப் பாடம் படிப்பித்தவர்?" என்று கேட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் படிப்பித்தது வரலாறும் குடியியலும். உண்மையில் படிப்பித்தது ஒரே ஒரு பிரிவைத்தான்: சுதந்திர இலங்கையின் முதல் அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் 29. அனுராதபுரத்தில் தொடங்கினாலும் பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கினாலும், மணி அடிக்கிற நேரம் 29(2)இல் வந்து நிற்பார். எந்தச் சமூகத்தவர் மீதும் மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தைச் சுமத்தியோ, மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைக் கொடுத்தோ பாராளுமன்றம் சட்டம் செய்யக்கூடாது. இதைத் திருநீற்றுப் பதிகம் போல நாங்கள் பாடமாக்கியிருந்தோம். பட்டப்பெயர் வைத்தது எங்களுக்கு இரண்டு வகுப்பு மூத்தவர்கள் என்று கேள்வி. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

அவரை வெறும் விசுவாசி என்று எண்ணிவிட வேண்டாம். பின்வாங்குக்காரன் ஒருவன் ஒருநாள் எழும்பி, "1948இல மலையகச் சனத்தின்ர குடியுரிமையைப் பறிக்கேக்க உந்த 29 எங்க சேர் போனது?" என்று கேட்டான். நாங்கள் அடி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சேர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கோடாக்கன்பிள்ளை வழக்கை முழுப் பாடவேளையும் சொன்னார். அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாய் இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்ற வழக்கு அது. "தோத்தது உண்மை. ஆனால் வழக்குப் போட ஒரு வரி இருந்தது. வரியும் இல்லாட்டி எதைக் கொண்டு கோட்டுக்குப் போவாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வயது போதாது.

1972 மே 22இல் அந்த வரியும் போனது. கொழும்பு நவரங்கஹலவில் கூடிய அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி முந்தின வருடமே வெளியேறியிருந்தது. புதிய குடியரசு யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் இருந்தது, சிங்களம் அரசகரும மொழியாய் இருந்தது, 29 இல்லை. இருபத்தொன்பதார் பாடத்தை மாற்றவில்லை.

சில மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒருவர் வகுப்புப் பார்க்க வந்தார். தமிழர்தான். வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை. முன்வாங்கில் இருந்த என்னை எழுப்பி, சிறுபான்மையினருக்கு யாப்பில் என்ன காப்பு என்று கேட்டார். நான் 29(2)ஐ ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சேரின் பக்கம் திரும்பி, "மாஸ்ரர், இது போன வருசத்துப் பஞ்சாங்கம் எல்லோ!" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாற்பது பெடியள், மாதக்கணக்காய் ஒரே பாட்டைக் கேட்டுச் சலித்தவர்கள், சிரிக்கக் காரணம் கிடைத்தால் விடுவார்களா? சேரின் காதுமடல் சிவந்ததை முன்வாங்கில் இருந்தபடியால் கிட்டத்தில் பார்த்தேன். வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சேர் மேசையில் இருந்த சோக்குத் தூளை விரலால் ஒரு மூலைக்கு ஒதுக்கி, "நீ சொன்னது சரி. இரு" என்றார். பிறகு பாடத்தைத் தொடர்ந்தார்.

இனி எய்ட்ஸ்வோல், நோர்வேயின் யாப்பு எழுதப்பட்ட ஊர். போன கோடையில் சங்கம் பஸ் பிடித்துப் போனது நினைவிருக்கும். ஒஸ்லோவிலிருந்து கார்டர்மூன் விமான நிலையத்தைத் தாண்டி ஒரு மணி நேர ஓட்டம். பஸ்ஸில் அந்தாக்சரி, மீன் றோல்ஸ். மே 17இல் எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொடி பிடித்து நடப்பதற்குக் காரணமான வீட்டைப் பார்க்க, அவ்வளவு காலம் இங்கே இருந்தும் எனக்கு அன்றுதான் வாய்த்தது. வெளியே இருந்து பார்த்தால் வசதியான ஒருவரின் பெரிய மரவீடு. அது அப்படித்தான்: இரும்பாலை முதலாளி கார்ஸ்டன் ஆங்கரின் வீடு. 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையில் டென்மார்க் அரசன் நோர்வேயை சுவீடனுக்கு எழுதிக்கொடுத்துவிட, இங்கே இருந்த டேனிஷ் இளவரசன் கிறிஸ்தியான் பிரெடெரிக் அதை ஒப்புக்கொள்ளாமல் ஆட்களைக் கூட்டினான். தேவாலயங்களில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 112 பேர் ஏப்ரலில் இந்த வீட்டுக்கு வந்தார்கள். 57 பேர் உத்தியோகத்தர், 37 பேர் கமக்காரர், மிச்சம் 18 பேர் முதலாளிமார். மிக இளையவனுக்கு 17 வயது. வீட்டுக்காரர் ஆங்கரோ பிரித்தானியாவின் ஆதரவு தேடி லண்டனில் நின்றார். கடைசியில் கடனில் முறிந்து வீட்டையும் இழந்தார். பிற்காலத்தில் சனம் காசு சேர்த்துத்தான் வீட்டை மீட்டது.

அவர்கள் கூடிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பளிங்கும் பட்டும் எதிர்பார்த்துப் போனால், சாய்மானம் இல்லாத நெடிய மர வாங்குகள், எங்கள் பத்தாம் வகுப்பு வாங்குகளைத் தூக்கி வந்து போட்ட மாதிரி. அவற்றில் நெருக்கி இருந்து ஆறு கிழமைக்குள் ஒரு நாட்டுக்கு யாப்பு எழுதி, மே 17 என்று திகதியிட்டு, அன்றே அரசனையும் தெரிவு செய்திருக்கிறார்கள். கோடையில் சுவீடன் படை எடுத்தது, இலையுதிர் காலத்தில் சுவீடனோடு சேரவேண்டி வந்தது, 1905 வரை பிரிய முடியவில்லை. ஆனால் எழுதிய யாப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

வழிகாட்டிப் பிள்ளை சொன்ன இன்னொன்றில் என் காது நிமிர்ந்தது. நாட்டின் வடக்கு அந்தத்திலிருந்து 112 பேரில் ஒருவரும் இல்லை. அவ்வளவு தூரத்துக்கு நேரம் போதவில்லை. அந்த வடக்கில்தான் நான் வந்து விழுந்தேன். பின்மார்க்கில் மீன் பக்ரறி. அடியில் வெளிச்சம் எரிகிற கண்ணாடி மேசையில் கொட் மீன் துண்டை விரித்து, புழுவைச் சாமணத்தால் பிடுங்குகிற வேலை. விரல் விறைத்துப்போய் சாமணம் பிடிபடாது. பக்கத்து மேசையில் நின்ற, வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்துப் பெண், சின்ன வயதில் விடுதிப் பள்ளியில் தன் மொழி பேசத் தடை இருந்தது என்று சொன்னதும் அந்த மேசையில்தான்.

அந்த வீட்டிலேயே எழுதிய இரண்டாம் பிரிவையும் அவர்கள் மறைக்கவில்லை: யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது, கத்தோலிக்க இயேசுசபையாருக்கும் துறவிமாருக்கும் இடமில்லை. அதற்குக் கைதூக்கியவர்களில் நிக்கொலாய் வெர்கெலாண்ட் என்ற பாதிரியார் ஒருவர். பிறகு எய்ட்ஸ்வோல் பங்குக்கே அவர் குருவாக வந்தார். அங்கே வளர்ந்த மகன் ஹென்றிக், கவிஞன், அப்பன் போட்ட வரியை எடுக்கவென்று எழுதி எழுதியே 1845இல் செத்துப்போனான். வரி 1851இல் போனது. நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் 1942இல் நாசிகளோடு சேர்ந்து ஆட்சி நடத்திய குவிஸ்லிங் அதைத் திரும்பப் போட, போர் முடிந்ததும் மறுபடி எடுத்தார்கள். இயேசுசபையார் 1956 வரை காத்திருந்தார்கள். எங்கள் தனிச்சிங்களச் சட்டம் வந்த அதே 1956. குருநகரிலிருந்து அந்தோனி ராஜேந்திரம் நோர்வேக்கு வந்து சேர்ந்ததும் அதே வருடம். அவர் வந்திராவிட்டால் அவர் தொடக்கிய சீநோர் மீன்பிடித் திட்டமும் இல்லை, நாங்களும் இங்கே இல்லை.

பேரன் கையை இழுத்துக்கொண்டு நின்றான். எனக்கோ இதையெல்லாம் சேருக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம். இப்போது அந்த ஆள் போய்விட்டார்.

சொல்லாமலும் இல்லை. 1988இல் இங்கே சாமி மக்களின் மொழியையும் பண்பாட்டையும் காக்க யாப்பில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். மறுவருடம் அவர்களுக்கென்று ஒரு பாராளுமன்றமும் திறந்தது. ஊருக்குத் தபால் ஓடிக்கொண்டிருந்த காலம், அதைப்பற்றிச் சேருக்கு நீளமாய் எழுதினேன். பதில் வந்தது. உறைக்குள் இருந்தது என் கடிதமேதான். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடியில் "பத்துக்கு ஆறு. எழுதிய பிறகு அந்தச் சனத்துக்கு என்ன கிடைத்தது என்பதற்கு விடை இல்லை" என்று போட்டிருந்தார். நான் அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை போர்நிறுத்தத்தில் திறந்த பிறகு, 2003இல் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்று எவ்வளவோ காலம், ஆனால் விறாந்தையில் வாங்கு போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா படிப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. நான் கொண்டுபோன சொக்கிலேற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறு போட்ட கேள்விக்கு விடை கொண்டு வந்தியோ?" என்று கேட்டார். 1997இல் சாமி பாராளுமன்றத்தின் புதிய அமர்வைத் திறக்கும்போது நோர்வே அரசர் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன். பிறகு யூதர் கதை, இயேசுசபையார் கதை. விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"உங்கட ஆக்கள் ஒரு பிழையான வரியை முழுசா எடுக்க 142 வருசம் எடுத்திருக்கினம்."

உங்கட ஆக்கள். அப்போது என் சட்டைப்பையில் இருந்தது சிவப்பு நிற நோர்வே பாஸ்போர்ட். மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

"நாளைக்குப் பின்னேரம் பெடியள் வருவினம். நீ வந்து உதைச் சொல்லு. நான் சொன்னால் பழைய பஞ்சாங்கம் எண்டுவாங்கள்" என்றார். அந்தச் சொல்லை அவர் மறக்கவில்லை.

விடிய கொழும்பு பஸ் என்றேன். முகமாலையில் செக்கிங், ஓமந்தையில் செக்கிங், மறுநாள் பிளேன்.

"அப்ப சரி, நானே சொல்லுறன்" என்று சொல்லி, எந்த வருசம் எந்த வரி என்று ஒரு கொப்பித் தாளில் என்னைக்கொண்டே எழுதுவித்து வாங்கிக்கொண்டார்.