அஜேயின் வெள்ளை கிமெஷெக்

கஜகஸ்தானின் அல்மாட்டியில் மருத்துவம் படித்த காலம். முதல் குளிர்காலத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்றி, காலணிகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்துவிட்டேன். அவளுடைய பாட்டி ஒன்றும் பேசாமல் அதை எடுத்து, தூசி தட்டி, உயரத்தில் மாட்டினார். பாட்டியை அங்கே அஜே என்று கூப்பிடுவார்கள். தலையில் வைத்ததை மிதிக்கக் கூடாது, எறியக் கூடாது, பிறருக்குக் கொடுத்துவிடவும் கூடாது. கொடுத்தால் கூடவே நம் நல்வாழ்வும் போய்விடுமாம். தோழி பிறகு சொன்னாள்.

அதற்கப்புறம் தெருவில் தலைகளைத்தான் பார்த்தேன். காதை மூடும் நரித்தோல் தொப்பியான திமாக், ஓரம் பிளந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியான கல்பாக். சிறுமிகளின் தகியா என்னும் சிறு தொப்பியில் ஆந்தை இறகுக் கொத்து. கண்ணேறு படாமல் இருக்க.

தோழியின் கல்யாணத்தில் சௌகெலேயைப் பக்கத்தில் பார்த்தேன். மணப்பெண்ணின் கூம்புத் தொப்பி அது. வெள்ளித் தகடு, பவளம், கன்னத்தின் இருபுறமும் மார்புவரை இறங்கும் மணிச்சரங்கள். அந்தக் காலத்தில் அதன் விலையைக் குதிரைகளில் எண்ணுவார்களாம். 1969-ல் அல்மாட்டிக்குக் கிழக்கே இஸ்ஸிக் அருகில் ஒரு புதைமேட்டில் கிடைத்த, சாகர் என்ற பழங்கால நாடோடி மக்கள் காலத்துத் 'தங்க மனித'னுக்கும் இதேபோல நெடிய கூர்த்தொப்பிதான். சௌகெலேக்கு அதுவே மூதாதை என்று பலரும் சொல்வார்கள். நடுவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. நேர்க்கோடு போட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனாலும் அந்த உயரம் மனதை விட்டுப் போகவில்லை.

மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும் சடங்கான பெத்தாஷார் தொடங்கியது. பாடகர் தொம்ப்ரா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டி, மாப்பிள்ளை வீட்டு உறவுகளை ஒவ்வொருவராக அழைத்துப் பாட, முகத்திரைக்குள்ளிருந்து அவள் ஒவ்வொருவருக்கும் தலை வணங்கினாள். பாட்டு முடிந்ததும் திரை விலகியது. எல்லாருடைய கைபேசிகளும் சௌகெலேயை நோக்கித்தான்.

என் கண் அஜேயிடம் போயிற்று. அன்று அவர் தன் தாயாரின் கிமெஷெக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அணிந்திருந்தார். மணமான பெண்கள் அணிவது; முகம் மட்டும் தெரியும்படி தலை, தோள், மார்பு எல்லாவற்றையும் மூடும் வெள்ளைத் துணி. முகத்தைச் சுற்றி மெல்லிய தையல் வேலை, பல துவையலில் நிறம் மங்கியிருந்தது. பவளமும் வெள்ளியும் ஒரு நாளுக்கு. இந்த வெள்ளையைத்தான் அந்தக் காலத்துப் பெண்கள் ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள். அந்த மண்டபத்தில் எனக்கு மிக அழகாகத் தெரிந்தது அதுதான்.

தோழி அவரிடம் வந்து குனிந்தாள். சௌகெலே முன்பக்கம் சாய்ந்தது. அஜே ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் நெற்றியில் முத்தமிட்டார்.