அக்காவின் 65-உம் பூச்சிய டொலர் பிளானும்

மட்டக்களப்பு கல்லடியில் இரவு ஏழரை என்றால் நியூ ஜேர்சியில் காலை பத்து. மூன்று கிழமையாக அந்த நேரத்துக்கு அக்காவின் வட்ஸ்அப் கோல் தவறாமல் வருகிறது. ஆகஸ்டில் அவவுக்கு 65 வயது, மெடிகெயாரில், அதாவது அமெரிக்க அரசாங்கம் அந்த வயதுக்காரருக்குத் தரும் மருத்துவக் காப்புறுதியில், பதிய வேண்டும். பிறந்த மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று என ஏழு மாத அவகாசம். கோட்டைக்குள் இருந்த அரசாங்கக் கச்சேரியில் நான் முப்பது வருடம் ஃபைல் புரட்டியவன் என்பதால் கடதாசி வேலை என் தலையில் விழுந்தது.

"தம்பி, இதுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லையாம். பல்லுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துத் தாறாங்களாம்."

அவ சொன்னது அட்வான்டேஜ் பிளான்; மெடிகெயாரை அரசாங்கத்திடம் நேரே எடுக்காமல் தனியார் கம்பனி மூலம் எடுப்பது. பூச்சியம் அந்தக் கம்பனியின் பிரீமியம் மட்டும்தான். மெடிகெயாரில் டொக்டர் செலவைப் பார்க்கும் பி பகுதிக்கு அரசாங்கத்துக்கு மாதம் 202.90 டொலர் (2026 கணக்கு) எப்படியும் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் ஐந்து நாளும் நாளொன்றுக்கு 350 டொலர் என்று பிளான் புத்தகத்தின் 40-ஆம் பக்கத்தில் இருந்தது. பல் கதை மட்டும் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்!

அக்காவுக்குக் கண் பிரஷர். பதினொரு வருடமாக ஒரே டொக்டர்தான். அங்கே கேட்டபோது, "நாங்கள் மெடிகெயார் எடுப்போம்" என்றார்களாம். அக்காவுக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். பிளானின் பெயரைச் சொல்லி, அந்த நெட்வேர்க்கில், அதாவது கம்பனியோடு ஒப்பந்தம் உள்ள டொக்டர்மாரின் பட்டியலில், அவர் இருக்கிறாரா என்று திரும்பக் கேட்கச் சொன்னேன். இல்லையாம். பட்டியலுக்கு வெளியே போனால் பொதுவாகக் காசு தராத ஹெச்எம்ஓ வகைப் பிளான் என்பதால், அவரிடம் போனால் முழுக்காசும் அக்காவின் கையால்தான். நம்முடைய பெரியாஸ்பத்திரி ஓபிடியில் துண்டு எடுத்து வாங்கில் குந்தியிருந்தால் போதும், எந்தக் கம்பனி என்று யாரும் கேட்பதில்லை. இந்த நெட்வேர்க் சங்கதி விளங்க எனக்கே இரண்டு நாள் பிடித்தது.

கடைசியில்தான் அக்கா வாயைத் திறந்தா: ஓய்வெடுத்த பிறகு வருடத்தில் பாதி இங்கே, அம்மாவின் வீட்டில் இருக்கப்போறாவாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்! அட்வான்டேஜில் சேர்ந்தவர் அந்தப் பிளானின் பகுதியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை வெட்டிவிடுவார்கள். சாதாரண மெடிகெயாரோ அமெரிக்காவுக்கு வெளியே அநேகமாக ஒன்றும் கொடுக்காது.

அப்புறம் பார்த்தது மெடிகாப். சாதாரண மெடிகெயாரை வைத்துக்கொண்டு, அது கட்டாமல் நம் தலையில் விடும் 20 வீதத்துக்காக மேலதிகமாக எடுக்கும் தனியார் காப்புறுதி. அதில் ஜி பிளான் என்றால் வெளிநாட்டில் வரும் அவசரத்துக்கு 250 டொலர் போக மிச்சத்தில் 80 வீதம் தரும், ஆயுளுக்கு 50,000 டொலர் வரை. பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வந்த வருத்தமாக இருக்க வேண்டும். 65-இல் பி பகுதி தொடங்கி ஆறு மாதத்துக்குள் கேட்டால், கண் பிரஷரைக் காட்டி மறுக்கவும் முடியாது. மெடிகெயார் எடுக்கும் எந்த டொக்டரிடமும் போகலாம் என்பதால் கண் டொக்டர் பிரச்சினையும் தீர்ந்தது.

பிரீமியம் தனி, மருந்துக்கு டி பகுதி தனி, பல்லுக்கு ஒன்றுமில்லை. அத்தான் முணுமுணுத்தார். கண் சொட்டு மருந்தின் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, டி பிளான் ஒவ்வொன்றிலும் அதன் விலையைப் பார்த்த பிறகு அவரும் சரி என்றார்.

அடுத்த வருடம் ஆடி அமாவாசைக்கு இங்கே மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு வருகிறாவாம். பாதி வருடக் கதை இப்போது இல்லை. டிக்கெட் 58 நாளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறா.