ஏழு வட்டங்கள் மூன்றான கதை

வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்த ஒரு காலையில், சரக்கு ரயில் கடந்து முடிவதற்குள் நண்பனும் நானும் சைக்கிள் கேரியரில் நோட்டை விரித்துச் சண்டையிட்டது, கடல் கடந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் மறக்கவில்லை. 0, 1 ஆகிய இலக்கங்களின் வரிசைகளான சரங்களில், 01 என்று முடியும் அனைத்தையும் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது சரங்களின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லும் கோவையாக, அவன் (0+1)*01 என எழுதியிருந்தான். இதில் + என்றால் ‘அல்லது’; * என்றால் முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம். நான் 1*00*1(1*00*1)* என எழுதியிருந்தேன். இரண்டில் ஒன்று தவறு என்பதில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு இருந்தது.

எங்கள் ஆசிரியர் தீர்ப்பு ஏதும் சொல்லவில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன்களும் முடிவுறு ஆட்டோமேட்டாக்களும் (ஒவ்வோர் இலக்கமாகப் படித்து, சில நிலைகளுக்கிடையே நகரும் கற்பனை இயந்திரங்கள்) ஒரே மொழிகளையே, அதாவது சரங்களின் தொகுப்புகளையே, குறிக்கின்றன என்று 1956இல் வெளியான கட்டுரையில் கணிதவியலாளர் கிளீனி நிறுவியதை நினைவூட்டி, எழுத்தை விட்டுவிட்டு இயந்திரத்தை ஒப்பிடுமாறு பணித்தார்.

கடைசி இரண்டு இலக்கங்களை நினைவில் வைக்கும் இயந்திரமாக நான் வரைந்ததில் தொடக்கம், 0, 1, 00, 01, 10, 11 என ஏழு நிலைகள், ஏழு வட்டங்களாக, இருந்தன. ஒப்பிடுவதற்காக அதை இயன்றவரை சுருக்க, சரம் அங்கே முடிந்தால் ஏற்கப்படும் ஏற்பு நிலையான 01ஐ முதலில் தனியே பிரித்தோம். எஞ்சிய ஆறில், அடுத்து 1 வந்தால் 01ஐ அடையும் 0, 00, 10 ஆகியவை ஒரு குழுவாகவும், அடையாத தொடக்கம், 1, 11 ஆகியவை மற்றொரு குழுவாகவும் பிரிந்தன. அதற்குமேல் எந்தக் குழுவும் உடையவில்லை. ஏழு வட்டங்கள் மூன்றாயின. தண்டையார்பேட்டையிலிருந்து வந்தவரா, மணலியிலிருந்து வந்தவரா என்று கேட் கீப்பர் விசாரிப்பதில்லை. அதுபோல, வந்த வழி எதுவாயினும் இனி வரக்கூடிய எல்லாச் சரங்களுக்கும் ஒரே விடை தரும் இரு நிலைகள் ஒன்றே என்று ஆசிரியர் விளக்கினார். இதே வேலையை விரைந்து முடிக்கும், கணினி அறிவியலாளர் ஹாப்கிராஃப்டின் 1971ஆம் ஆண்டு முறையைப் பெயரளவில்தான் படித்தோம்.

நண்பனின் கோவையிலிருந்து கட்டிய இயந்திரத்தைச் சுருக்கியபோதும், என்னுடையதைச் சுருக்கியபோதும், அதே மூன்று வட்டங்கள், அதே அம்புகள். நிலைகளின் பெயர்களை ஒதுக்கிவிட்டால் ஒரு மொழிக்கு மிகச்சிறிய தீர்மான ஆட்டோமேட்டன் (ஒவ்வோர் இலக்கத்துக்கும் அடுத்த நிலை ஒன்றே உள்ள இயந்திரம்) ஒன்றுதான் என்பதால், இருவரும் எழுதியது சரியே என்றாயிற்று. என் கோவை நீளம் என்ற கேலி மட்டும் ஓயவில்லை.

அடுத்த வீட்டுப்பாடம், கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கம் 1 ஆக இருக்கும் சரங்கள். கோவை ஒரு வரியில் முடிந்தது. இயந்திரத்துக்கோ, கடைசி மூன்று இலக்கங்களின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்றாக, எட்டு நிலைகள். இரவு முழுதும் அட்டவணை போட்டும் ஒரு ஜோடிகூட இணையவில்லை. எங்கோ பிழைத்துவிட்டோம் என்ற கூச்சத்தோடு எட்டு வட்டங்களையும் அப்படியே நீட்டினோம். ஆசிரியர் சரி என்று குறியிட்டுவிட்டு, மூன்றாவதற்குப் பதில் பத்தாவது என்று வைத்தால் எத்தனை வட்டங்கள் வரும் என்று கேட்டார். 1,024 என்று நண்பன் சொல்லி முடிக்கும் முன்பே நான் நோட்டை மூடிவிட்டேன்.