செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்

10.8.2025, ஞாயிறு

வார்டு மெம்பர் காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடியேற்றமாம், ராணுவத்தில் வீரத்துக்காகக் கொடுத்த சேனா மெடலை நான் குத்திக்கொண்டு வர வேண்டுமாம். முடியாது என்றால் "பட்டாளத்துக்காரரே இப்படிச் சொன்னா எப்படிங்க" என்பார். சரி என்றேன்.

பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெள்ளி வட்டு, முன்பக்கம் மேல்நோக்கி நிற்கும் துப்பாக்கிமுனைக் கத்தி, பின்பக்கம் ஒரு சிப்பாய். சிவப்பு ரிப்பன், நடுவில் வெள்ளைக் கோடு. கொலுசு மாதிரி இதுவும் கறுக்கிற வெள்ளிதான். என் மனைவி விபூதி போட்டுத் தேய்த்து வைக்கிறாள்.

கேரள எல்லையோரத்து எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் பாதிப்பேர் இதை நான் ஜனாதிபதி கையால் வாங்கினேன் என்றே நம்புகிறார்கள். சேனா மெடலை ராணுவ அதிகாரிகளே அணிவகுப்பில் குத்திவிடுவார்கள். பல வருஷம் திருத்திச் சொல்லிப் பார்த்து, அப்புறம் விட்டுவிட்டேன். மாசம் 2,000 ரூபாய் இதற்கென்று வருகிறது. 2017 வரை அது 1,000.

13.8.2025, புதன்

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்திருந்தார். சின்ன வயசு, ஒற்றப்பாலம் பக்கம். மெடலை எதற்குக் கொடுத்தார்கள் என்று சொல்லும் சைட்டேஷனை மலையாளத்தில் எழுதி மேடையில் வாசிக்கப் போகிறாராம். திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாக எழுதினார். உயிரைத் துச்சமாக மதித்தேன் என்ற இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லா சைட்டேஷனிலும் அந்த வரி இருக்கும். நான் மதித்தேன். அன்று ராத்திரி மூச்சுக்கு மூச்சு அதைத்தான் மதித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி வந்ததும் பேனாவை நிறுத்தினார். 'லோக்கல் லாங்குவேஜ்' அறிவைப் பயன்படுத்தி மாற்று வழி கண்டறிந்தார் என்று இருக்கிறது.

"ஸார், அவிடத்தெ பாஷை சிங்களமல்லே? ஸாரின் சிங்களம் அறியாமோ?"

யாழ்ப்பாணத்தில் தமிழ்தான் என்றேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார். 'பிராதேசிக பாஷை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நல்ல பெண்.

எழுதி வைக்கிறேன். 1987 ஜூலை 29-ல் இந்தியா-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை என்று போனோம். ஆரம்பத்தில் மாலை போட்டார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை. எனக்கு 22 வயசு. பனையோலை வேலிகளுக்கு நடுவே குறுகலாகப் போகும் சந்துகள், அங்கே ஒழுங்கை என்பார்கள். அப்படி ஓர் ஒழுங்கைக்குள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அடிபட்டுக் கிடந்தார்கள். வந்த வழியில் திரும்ப முடியாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, இது எங்க போகுதுங்க?" என்று கேட்டேன். கேட்டது தமிழில் என்பதால்தான் அந்தக் கிழவி திறந்தாள். கையில் விளக்கு. என் உடுப்பைப் பார்த்தபிறகும் கதவைச் சாத்தவில்லை.

"உதாலை போ தம்பி. கிணத்தடிக்குப் பின்னால கடவை இருக்கு."

வேலியில் ஆள் நுழையும் இடைவெளிதான் கடவை. அது வழியாக இரண்டு பேரையும் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு வந்தேன். ஒருவர் பிழைத்தார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் ரோந்து போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. யார் குண்டு என்று நான் யாரையும் கேட்கவில்லை.

சைட்டேஷனில் இது மொத்தமும் ஒரு வரி.

15.8.2025, வெள்ளி

போனேன், நின்றேன், வந்தேன். மைக்கில் 'பரம்வீர் சக்ரா' என்று சொல்லிவிட்டார்கள். அது போர்க்கள வீரத்துக்கு நாட்டிலேயே உயர்ந்த விருது. இதை மட்டும் விட முடியாது. அந்தச் சண்டையில் பரம்வீர் சக்ரா ஒருவருக்குத்தான், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25-ல் நெஞ்சில் குண்டு வாங்கி இறந்தவர். அவர் பெயரைச் சொல்லி உட்கார்ந்தேன். பாயசம் கொடுத்தார்கள்.

போட்டோவை வாட்ஸப்பில் போட வேண்டாம் என்று மெம்பரிடம் சொல்லியிருந்தேன். மத்தியானத்துக்குள் போட்டுவிட்டார்.

16.8.2025, சனி

தூக்கம் வரவில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் இந்த மெடலை நான் சொல்வதில்லை. இந்தப் பக்கம் எங்கே வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை, அந்தப் பக்கம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் 'சேனா மெடல்' என்று அச்சுக்குக் கொடுத்திருந்தான் என் மைத்துனன். நானே பொள்ளாச்சிக்குப் போய் எடுக்கச் சொன்னேன். அடக்கமான மனுஷன் என்று பேர் வந்தது.

1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலில் மெட்ராஸ் வந்தபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. பேப்பரில் படித்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் பக்கம் மட்டும் சுமார் 1,200 பேர் செத்திருந்தார்கள். அவர்கள் வீடுகளில் என்ன நினைத்தார்களோ, அதைப் பேச எனக்குத் தகுதி இல்லை. என் மாமியாரே, "யாரைச் சுடப் போனீங்க மாப்ளே" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் தோசை போட்டுக் கொடுத்தாள்.

சம்பந்திக்கு போட்டோ போயிருக்கும்.

24.8.2025, ஞாயிறு

பொள்ளாச்சியில் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். அதெல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சம்பந்தி என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். 2009-ல் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷன், மகள் சொல்லித் தெரியும்.

"மெடலு எங்கீங்க வாங்குனது?"

"யாழ்ப்பாணத்துலீங்க."

ரொம்ப நேரம் செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் காலேஜுங்க. உங்க பட்டாளத்தைத் திட்டி ராத்திரியோட ராத்திரியா செவுத்துல எழுதுனவன் நானு."

"என்னன்னு எழுதுனீங்க?"

"திரும்பி வா-ன்னுதானுங்க."

"நானும் அங்க அதேதானுங்க நெனச்சுட்டிருந்தேன்" என்றேன். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். ஒழுங்கை, கடவை, விளக்கு எல்லாம் சொன்னேன். என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

"அந்தம்மா?"

"தெரியலீங்க."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலை. பேசவில்லை.

பஸ் வரும்வரை கூட நின்றார். அடுத்த தடவை வரும்போது அந்த சைட்டேஷனை எடுத்துவரச் சொன்னார். இங்கிலீஷில் இருக்கும் என்றேன். மலையாளத்தில் ஒன்று இப்போது இருக்கிறது என்பதை பஸ் கோபாலபுரம் தாண்டியபிறகுதான் நினைத்தேன். தமிழில் கேட்டால், உட்கார்ந்து நானே எழுத வேண்டும்.