தாழ்த்திய காருக்கு ஸ்டெபிலைசர் லிங்க்: குட்டையா, நீளமா?

வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார்; அதன் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சிறு தண்டு ஸ்டெபிலைசர் லிங்க். குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியவர்களிடம் இந்த லிங்க் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. வண்டி எவ்வளவு இறங்கியதோ அந்த அளவுக்குக் குட்டையான லிங்க் போட வேண்டும் என்பார்கள். கோவையில் நான் விசாரித்த உதிரிபாகக் கடைகளிலும் இதையே சொன்னார்கள். என் வண்டிக்கு இந்தப் பதில் தலைகீழ். அதற்குத் தேவைப்பட்டது நீளமான லிங்க். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், லிங்கை எப்படிச் செய்து மாட்டினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

வண்டி பத்து வயதைத் தாண்டிய சிறிய பெட்ரோல் கார். முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த நிமிர்ந்த தூண்), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு). இதே அமைப்பு எத்தனையோ கார்களில் இருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு 'எந்த கம்பெனி உசத்தி' என்று போய்விடும். ஸ்பிரிங் பெட்டியில் 35 மி.மீ. இறங்கும் என்று போட்டிருந்தது. ஸ்பிரிங் படிந்த பிறகு வீலின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து பார்த்தபோது 36 மி.மீ. இறங்கியிருந்தது. தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றின் அளவும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் இப்படித்தான் அளக்க வேண்டும்.

தொந்தரவு ஒரு சத்தமாகத்தான் தொடங்கியது. தொண்டாமுத்தூர் சாலையில் மெதுவாகப் போகும்போது சிறு சிறு பள்ளங்களில் இடது முன்பக்கம் 'டொக் டொக்' என்று கேட்கும். பெரிய வேகத்தடையை நேராக ஏறி இறங்கினால் சத்தமே இராது. அதே வேகத்தடையைக் குறுக்காக, ஒரு சக்கரம் முந்தி ஒரு சக்கரம் பிந்தி ஏறினால் உடனே தட்டும். இந்த வித்தியாசத்திலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போனால் ஸ்டெபிலைசர் பார் தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களில் சும்மா சுழலும். லிங்கில் பெரிய விசை ஏறாது. ஒரு பக்கம் மட்டும் ஏறினால்தான் பார் முறுக்கப்பட்டு லிங்க் இழுபடும். லிங்கின் முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் அப்போதுதான் அது வாயைத் திறக்கும்.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988-ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி. 99 விதி வட்ட வளைவு வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் சொன்னது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வண்டி ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, மம்பட்டியால் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தாழ்த்திய கார் வைத்திருப்பவனுக்கு அதைக் குறுக்காக ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆக லிங்குக்கு வேலை இரட்டிப்பு.

சத்தம் லிங்கிலிருந்துதான் வருகிறது என்று உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு, பாரின் நுனி எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லிங்க் அல்லது பாரின் புஷ். நிற்காவிட்டால் ஸ்ட்ரட்டின் மேல் தாங்கியான ஸ்ட்ரட் மவுண்ட், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் என்று வேறு பக்கம் தேட வேண்டும். வண்டி வளைவில் அதிகம் சாயும் என்பதால் வேகம் கூடாது. எனக்குச் சத்தம் நின்றுவிட்டது. கழற்றிய லிங்கின் மேல் பால் ஜாயிண்டில் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் இருந்தது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று இந்தப் பக்கம் எங்கும் புழுதியைக் கிளப்பிவிடும். கிழிந்த உறை அதற்குத் திறந்த கதவு.

லிங்கை மாற்றிவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வலது டிரைவ் ஷாஃப்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பான வளையம். அதற்கு நேர் கீழே ஸ்டெபிலைசர் பாரின் மேல்பக்கம் பெயிண்ட் போய் வெள்ளி மாதிரி மின்னியது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. சுழலும் ஷாஃப்டில் விழும் கீறல் பிறகு விரிசலுக்கு விதையாகலாம். நல்லவேளையாக அது ஆழமாக இல்லை. நுண்ணிய எமெரி தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, பெயிண்ட் அடித்தேன்.

இனி குட்டையா நீளமா என்ற கேள்வி. என் வண்டியில் லிங்கின் மேல்முனை ஸ்ட்ரட்டில் பற்றவைத்த பிராக்கெட்டில் இருக்கிறது. கீழ்முனை பாரின் நுனியில். கார் 36 மி.மீ. இறங்கியது என்றால், காரின் உடலை வைத்துப் பார்க்கும்போது சக்கரமும் ஸ்ட்ரட்டும் 36 மி.மீ. மேலே போய்விட்டன என்று பொருள். லிங்க் பாரின் நுனியையும் சேர்த்து மேலே இழுத்துவிட்டது. பாருக்கு மேலே டிரைவ் ஷாஃப்ட். ஆகவே பாரைப் பழைய இடத்துக்கு இறக்க வேண்டுமானால் லிங்க் நீள வேண்டும். இதே இடத்தில் குட்டை லிங்கைப் போட்டிருந்தால் பார் இன்னும் மேலே ஏறி ஷாஃப்டை அறுத்திருக்கும்.

வேறு சில கார்களில் லிங்க் லோயர் ஆர்மில் உட்கார்ந்திருக்கும், பார் அதற்கு மேலே இருக்கும். அங்கே கார் இறங்கினால் லோயர் ஆர்ம் மேலே வந்து லிங்கை அடியிலிருந்து தள்ளும். பாரை இறக்கக் குட்டை லிங்க் வேண்டும். ஸ்ட்ரட்டில் மாட்டும் அமைப்பிலேயே பார் டிரைவ் ஷாஃப்டுக்கு மேலே போகும் கார்களும் உண்டு; அங்கே பாரை மேலே விலக்கக் குட்டைதான் சரி. ஆகவே கடைக்காரர்கள் சொல்வது பொய் அல்ல, எல்லா வண்டிக்கும் பொருந்தாது, அவ்வளவுதான். லிங்க் எங்கே மாட்டியிருக்கிறது, பார் எதற்கு அருகில் போகிறது என்ற இரண்டையும் அடியில் படுத்துப் பார்க்காமல் நீளத்தைத் தீர்மானிக்கவே முடியாது.

இன்னொரு நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தேன். லிங்கை மாற்றாவிட்டால் பார் எப்போதும் முறுக்கேறியே இருக்கும், வளைவில் பிடிப்பு போய்விடும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் பாரில் முறுக்கு ஏறவே ஏறாது. அதற்குத் தெரிந்தது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. கோணத்தால் இழப்பு உண்டா என்றால், என் பாரின் கை சுமார் 250 மி.மீ. நீளம். அதன் நுனி 36 மி.மீ. ஏறினால் கோணம் எட்டு பாகைக்குச் சற்று மேல். எட்டு பாகையின் கொசைன் 0.99. நெம்புகோல் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைவதை எந்த ஓட்டுநரும் உணரப்போவதில்லை. 'ஜியோமெட்ரி திருத்தம்' என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி விற்பனைப் பேச்சு என்பது என் முடிவு. நீளத்தை மாற்ற உண்மையான காரணம் இடைவெளி, இடிக்காமல் இருப்பது.

அப்படியானால் முழு 36 மி.மீ. நீட்டிவிடலாமா? அதுவும் கூடாது. ஸ்ட்ரட்டும் லோயர் ஆர்மின் வெளிமுனையும் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்கும். லிங்க் நீள நீள, பாரின் நுனி லோயர் ஆர்மை நெருங்கும். பழைய லிங்கில் அந்த இடைவெளி 45 மி.மீ. இருந்தது. 36 நீட்டினால் மிச்சம் 9. புஷ்கள் வளைந்து கொடுக்கும்போது அதுவும் போய்விடும். பார் டிரைவ் ஷாஃப்டைக் கடக்கும் இடம் பாரின் கையில் பாதிக்குச் சற்று உள்ளே. அதனால் நுனியில் 20 மி.மீ. இறக்கினால் அந்த இடத்தில் 8 மி.மீ. அளவுக்குக் கிடைக்கும். அது போதும். பழைய லிங்க் மையத்திலிருந்து மையம் 300 மி.மீ. புதியது 320 என்று முடிவு செய்தேன்.

கடையில் தேடும் படலம் சுருக்கமானது. வேறு மாடல் கார்களின் லிங்குகளில் நீளம் ஒத்துவந்தால் மரை ஒத்துவரவில்லை. மரை ஒத்துவந்தால் இரண்டு பால் ஜாயிண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றன, எனக்கு எதிரெதிர்ப் பக்கம் வேண்டும். வாங்கப் போகிறவர்கள் நீளம், மரை, முனைகள் பார்க்கும் திசை மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். நீளம் மாற்றக்கூடிய ரகமும் கிடைத்தது, ஆனால் எல்லாம் குட்டை லிங்க் கேட்பவர்களுக்காகச் செய்தவை. முழுவதும் நீட்டினாலும் 275-ஐத் தாண்டவில்லை.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளைப் பழுது பார்க்கும் மாமாவிடம் சொன்னபோது, "இதற்கு ஏன் கண்ணு அலைகிறாய், பழையதை வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன்" என்றார். லாரியின் லிங்கில் பருமனான ரப்பர் புஷ்தான் இருக்கும். அங்கே அவர் கைவேலை நிற்கும். கார் லிங்கில் பால் ஜாயிண்டின் உருண்டை பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெல்டிங் சூடு தண்டு வழியாகப் போய் அதை இளக்கிவிடும். பணிவாக மறுத்துவிட்டேன்.

ராட் எண்ட் பேரிங், அதாவது ரப்பர் உறையில்லாத இரும்பு உருண்டை மூட்டு, போடலாமா என்றும் யோசித்தேன். செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரில் இருக்கும் 2.1 கி.மீ. பந்தயத் தடத்துக்கு அது சரி. அங்கே ஓடும் வண்டிகளை ஒவ்வொரு முறையும் துடைத்துப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். தினமும் பல்லடம் சாலையில் லாரிக்குப் பின்னால் புழுதி குடிக்கும் காருக்கு உறையில்லாத மூட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ரப்பர் உறை போட்ட பால் ஜாயிண்ட்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முடிவில் நீளம் மாற்றக்கூடிய அந்த ரகத்தையே வாங்கி, இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு, நடுக்குழாயை மட்டும் புதிதாகச் செய்தேன். கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு சிறிய லேத் பட்டறையில் இஎன் 8 ரக எஃகு அறுகோணக் கம்பியில் கடைந்து தந்தார்கள். முனைகள் எம் 12 (விட்டம் 12 மி.மீ.), மரை இடைவெளி 1.5 மி.மீ. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. குழாயை மட்டும் திருகினால் நீளம் கூடும், குறையும். லிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. இடது மரை வெட்டும் டேப் பட்டறைப் பெரியவரிடம் தயாராகவே இருந்தது.

அந்தப் பெரியவர் கேட்காமலேயே ஒன்று செய்தார். குழாயின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 18 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு சின்னத் துளை போட்டார். எம் 12 மரை குறைந்தது விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு உள்ளே ஏறியிருக்க வேண்டும். அதாவது 18 மி.மீ. துளையில் ஒரு கம்பியை நுழைத்துப் பார்த்தால் மரையில் முட்ட வேண்டும். தடையில்லாமல் உள்ளே போனால் முனை போதிய ஆழம் ஏறவில்லை, அந்த நீளத்தில் ஓட்டக் கூடாது. விலையுயர்ந்த வெளிநாட்டு லிங்குகளின் படங்களில்கூட இந்தத் துளையை நான் எல்லாவற்றிலும் பார்க்கவில்லை. மாட்டிய பிறகு தண்ணீர் போகாமல் அதைக் கிரீஸால் அடைத்துவிட்டேன்.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு துளை எதிரே வராது. இரண்டு சக்கரமும் சமமாகத் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் எடை தாங்கி நிற்க வேண்டும். பழைய நட்டைக் கழற்றும்போது போல்ட்டும் சேர்ந்து சுழலும்; நுனியில் உள்ள குழிக்குள் ஆலன் சாவியைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நைலான் நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியதை மாட்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன்.

நீளம் மாற்றும் லிங்கில் இடமும் வலமும் சமமாக இருந்தால் மட்டும் போதாது. ஓட்டுபவர் உட்கார்ந்ததும் வலது பக்கம் சற்று இறங்கும். வீட்டில் மாட்டுத் தீவன மூட்டைகள் இருந்தன. ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்குச் சமமாக அவற்றை ஏற்றி, இடது லிங்கை 320-இல் மாட்டி இறுக்கிவிட்டு, வலது லிங்கின் குழாயைத் திருகிக்கொண்டே வந்தேன். பாரின் துளையில் போல்ட் விரலால் தள்ளினாலே நுழையும் இடத்தில் நிறுத்தினேன். 321 வந்தது. குழாய் தானாகத் திருகாமல் பிடிக்கும் லாக் நட்டுகளை இறுக்கி, நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டேன். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். காரைத் தாழ்த்தியபோது அது அவசியம், செய்திருந்தேன். லிங்க் மாற்றியதற்குத் தேவையே இல்லை.

இடைவெளியை அளக்கச் சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பாரின் மேல் அந்தத் தேய்ந்த இடத்தில் பாலித்தீன் தாளோடு சுற்றிக் கட்டினேன். பழைய லிங்கில் இதே சோதனை செய்தபோது மாவு தேய்ந்து இரும்பே தெரிந்தது. புதிய லிங்கில், நான்கு பேர் ஏறி அதே வேகத்தடைகளில் போய்வந்த பிறகு, மிக மெல்லிய இடத்தில் 7 மி.மீ. மாவு மிஞ்சியது. இரண்டு சக்கரமும் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசி வரை திருப்பி, லிங்க் பிரேக் ஹோஸையோ டயரையோ தொடுகிறதா, பால் ஜாயிண்ட் எல்லை வரை சாய்ந்துவிடுகிறதா என்றும் பார்த்தேன். ஸ்டீயரிங்கோடு ஸ்ட்ரட்டும் சுழல்வதால் மேல் பால் ஜாயிண்டுக்குத்தான் சாய்வு அதிகம். அதே பக்கவாட்டு நகர்வுக்கு நீளமான லிங்க் குறைவாகவே சாயும். அந்த வகையில் என் வண்டிக்கு இலவச லாபம்.

பிறகு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பார்த்தேன். சத்தம் இல்லை. வளைவில் வண்டியின் சாய்வும் பிடிப்பும் முன்பு எப்படியோ அப்படியே, கொசைன் கணக்கு சொன்னபடி. திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு லிங்கிலும் வலது மரைப் பக்க லாக் நட்டுகளின் கோடு சரியாக இருந்தது. இடது மரைப் பக்கம் ஒன்று மட்டும் நூலளவு விலகியிருந்தது. மெல்லிய லாக் நட்டுகளை எடுத்துவிட்டு, முழு உயர நட்டு கடைந்து தரச் சொல்லி அதே பட்டறையில் கொடுத்திருக்கிறேன். இடது மரையில் எனக்குக் கடையில் கிடைத்தது மெல்லியது மட்டுமே.