ஒன்பது இலக்கங்களும் ஒன்பதாவது மாடியும்

2007ஆம் ஆண்டு இறுதியில் நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்குக் குடிவந்ததும், நானும் கணவரும் முதலில் போய் நின்ற இடம் சமூகப் பாதுகாப்பு அலுவலகம். சில நாள்களில் அவருடைய பெயரும் ஒன்பது இலக்க எண்ணும் அச்சிட்ட சிறிய அட்டை தபாலில் வந்தது. அவரைச் சார்ந்து, வேலை செய்ய அனுமதியில்லாத எச்-4 விசாவில் வந்திருந்த எனக்கோ, எண் வழங்க இயலாது என்ற கடிதம்தான் கிடைத்தது. வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, வாடகை ஒப்பந்தம் என்று எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள். ஆகவே அதை ஓர் அடையாள எண் என்று மட்டுமே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அடுத்த ஆண்டு வங்கிகள் சரிந்தன. கணவர் பணியாற்றிய திட்டம் ஆறு வாரத்தில் முடிக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். இன்று என் கணவரைப் போல எச்-1பி வேலை விசாவில் இருக்கும் ஊழியருக்கு வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு. அந்த விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், ஆறு வாரத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்புவது என்று முடிவு செய்து பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்திருந்தோம். வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல் தினமும் பொது நூலகத்துக்குப் போனேன். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்குப் பின் இப்படியொரு வீழ்ச்சி இல்லை என்று செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதியதால், அந்தப் பெருமந்தத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. 1930க்கும் 1933க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் முறிந்தன, போட்ட பணம் போட்டவர்களுக்கு முழுமையாகத் திரும்பவில்லை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த, வங்கியில் போட்ட பணத்துக்கான வைப்புக் காப்பீடு 1934 தொடக்கத்தில் 2,500 டாலர் வரை ஈடு தந்தது. 2008 அக்டோபரில் அந்த வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் டாலராக உயர்த்தினார்கள். எங்கள் சேமிப்பு முழுவதும் இருந்த வங்கியின் காசாளர் சாளரத்தில், அதைத் தெரிவிக்கும் சிறு பலகையை அதற்கு முன் எத்தனையோ முறை கவனிக்காமல் கடந்திருக்கிறேன். அந்த வாரம் அதன் முன்னே நின்று முழுவதையும் படித்தேன்.

தொழிலாளர் நலனுக்காக உழைத்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்ணின் பெயரையும் அந்த நூலகத்தில்தான் அறிந்தேன். அவருடைய வரலாறு என்னைப் பிடித்து நிறுத்தியதற்குக் காரணம் என் அம்மா. அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்து, பின்னர் செக்கிங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வெளியே வரும்போது ஒரே ஒரு வாசலில் வரிசையாக நிறுத்தி, சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான்.

நியூயார்க் நகரின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையிலும் அதே பழக்கம் இருந்தது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் கட்டிங் மேசைக்கு அடியில் கிடந்த துண்டுத் துணியில் தீப்பிடித்தது. பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போயிற்று. தையல் இயந்திரங்கள் வரிசையாக இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே படிக்கட்டுக்குப் போகும் கதவுகளில் ஒன்று, துணி திருடு போகக்கூடாது என்பதற்காகப் பூட்டியிருந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடியைத்தான் எட்டியது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களிலிருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள். அருகில் ஒரு வீட்டுக்குத் தேநீருக்கு வந்திருந்த முப்பது வயது பெர்கின்ஸ், சத்தம் கேட்டு ஓடிவந்து அவர்கள் சன்னலிலிருந்து குதித்ததைக் கண்ணால் கண்டார்.

அதன்பின் நியூயார்க் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்காக அவர் பணியாற்றினார். 1933இல் அதிபர் ரூசவெல்ட் அவரைத் தொழிலாளர் துறைச் செயலராக அழைத்தபோது, குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, வேலையிழந்தோர் உதவி, முதியோர் காப்பீடு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு ஆகியவற்றுக்கு ஆதரவு உண்டு என்றால்தான் பதவியேற்பேன் என்று சொல்லிவிட்டே அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினரானார். 1935 ஆகஸ்ட் 14 அன்று, முதியோர் காப்பீட்டையும் வேலையிழந்தோர் உதவியையும் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. மறு ஆண்டு இறுதியில் அந்த ஒன்பது இலக்க எண்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு மறுக்கப்பட்ட எண் எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பெர்கின்ஸை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அந்தச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் வெளியே விட்டது, அதனால் கறுப்பினத்தவரே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அதே ரூசவெல்ட்தான் 1942 பிப்ரவரி 19 அன்று ஓர் ஆணையில் கையெழுத்திட்டு, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்படக் காரணமானார். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். முகாமிலிருந்து வந்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், எங்கள் மாநிலத்தின் தெற்கிலுள்ள சீபுரூக் பண்ணையில் காய்கறிகளைப் பதப்படுத்தும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

நம்மவர் நிலையும் வேறல்ல. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், இந்தியர் வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அந்தத் தடை நீங்கியது, அப்போதும் இந்தியர் குடியேற ஆண்டுக்கு 100 இடம்தான். இப்படி நாடுவாரியாக இடம் ஒதுக்கிய முறையை நீக்கிய 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வந்திராவிட்டால் எங்களைப் போன்றவர்கள் இத்தனை பேர் இங்கே குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

கணவருக்கு ஐந்தாவது வாரத்தில் வேறு வேலை கிடைத்தது. எச்-4 விசாவில் இருந்த ஒரு பகுதியினருக்கு 2015இல் வேலை அனுமதி தந்தபோது எனக்கும் அட்டை வந்தது. முதல் சம்பளச் சீட்டில் சமூகப் பாதுகாப்புக்கென்று 6.2 விழுக்காடு பிடித்திருந்தார்கள். அதே அளவை முதலாளியும் தம் பங்காகக் கட்ட வேண்டும். அம்மாவின் கம்பெனி முதல் பதினோரு ஆண்டுகள் அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவே இல்லை, அதனால் அந்த ஆண்டுகளுக்கு அவருக்கு பி.எஃப். கிடையாது. என் முதல் சம்பளச் சீட்டைப் பத்திரமாக இன்றும் வைத்திருக்கிறேன்.

2024 கோடையில் அம்மா வந்திருந்தார். ரயிலில் அழைத்துப் போய் நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், டிரையாங்கிள் தொழிற்சாலை இருந்த கட்டடத்தைக் காட்டினேன். இன்று அது பல்கலைக்கழகக் கட்டடம். முந்தைய ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், இறந்தவர்களின் பெயர்களை எஃகுத் தகட்டில் வெட்டியிருக்கிறார்கள். கீழே உள்ள கறுப்புப் பலகையில் அவை பிரதிபலிக்கும். அம்மா அதன்மேல் கையை வைத்தபடி, மாடிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒன்பதில் நிறுத்தினார்.

“பூட்டுனவனை என்ன பண்ணுனாங்க அம்மிணி?” என்று கேட்டார்.

கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்கு அப்போது தெரியும் என்பது நிரூபணமாகவில்லை என்று 1911 டிசம்பரில் அவர்களை விடுதலை செய்துவிட்டார்கள், பின்னர் 1914இல் உயிருக்கு 75 டாலர் கொடுத்து இழப்பீட்டு வழக்குகளை முடித்தார்கள் என்று சொன்னேன்.

“நைட் ஷிப்ட்டுல எங்க கம்பெனியிலயும் சாவி வாட்ச்மேன்கிட்டத்தான் இருக்கும்” என்றார் அம்மா. அதுவரை அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.